மேடைக்கு அடியில் ஒரு ஏரி

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் உறுத்தும். ஒரே வளாகத்தில் 1896-ல் கட்டிய மியூசியம் தியேட்டரும் இருக்கிறது, பாறைகளை அடுக்கிவைத்த நிலவியல் பிரிவும் இருக்கிறது. 1851-ல் இந்த அருங்காட்சியகம் தொடங்கியதே நிலவியல் மாதிரிகளோடுதான். ஆனாலும் கல்லும் மேடையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. நம்ம தெருவுக்கு அடியில் என்ன இருக்குன்னு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

இடத்தையே அரங்கமாக்கும் நாடகம் இந்த வேலையைச் செய்யும். மேலைநாட்டுச் சமாச்சாரம் மாதிரி தோணும். மயிலாப்பூர்க்காரங்களோ இதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவருகிறார்கள்: தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் நடக்கும் கபாலீசுவரர் தெப்பம்.

மயிலாப்பூருக்கு அடியில் இருப்பது பழைய கடற்கரை மணல். அதில் இறங்கும் மழைநீர், உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கும். ஊர்க் கிணறுகளில் ஊறியது அந்த நல்ல தண்ணீர்தான். மோட்டார் போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சினால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். குளமும் மழையை நம்பித்தான் இருக்கிறது. மழை பொய்த்த வருஷங்களில் பல கோயில்களில் நிலைத்தெப்பம் நடத்துவார்கள், தெப்பம் நகராது. அந்த வருஷத்து நீர்க்கணக்கை ஊரே கரையில் உட்கார்ந்து பார்த்துவிடும்.

தி.நகருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த ஏரியை ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’ என்றார்கள். 1920-களில் அதன் பெரும்பகுதியை வடித்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். நுங்கம்பாக்கம் பக்கம் மிஞ்சியதும் பிறகு தூர்ந்தது. அங்கே 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. தெப்பம் விட்டிருக்கக்கூடிய இடத்தில் இப்போது கல்தேர் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கு, லேக்தான் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் மட்டும் தண்ணீர் பழைய விலாசத்தைத் தேடி வந்து நிற்கும்.

அடையாற்றில் இதற்கு வேறொரு உதாரணம் உண்டு. 2015-ல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, கர்நாடக சங்கீதத்தை மீனவர் குப்பத்துக்குக் கொண்டுவந்தது. அதன் பேச்சு சாதியைப் பற்றியது, நிலவியலைப் பற்றியதல்ல. ஆனால் கச்சேரி கேட்க வந்தவர் சற்றே வடக்கே நடந்தால் அடையாற்று முகத்துவாரம். கடலோர நீரோட்டம் தெற்கிலிருந்து மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆற்றில் ஓட்டம் குறைந்தால் வாய் அடைபடும். அதே ஆண்டு டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு ஊருக்குள் வந்தது.

2018-ல் கோதே இன்ஸ்டிட்யூட் நம் ஆறுகளைப் பற்றி லலித் கலா அகாதெமியில் கண்காட்சி வைத்தது. நல்ல முயற்சி. ஆனால் அகாதெமிக்குள் வருபவர் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர். தி.நகரில் தரைத்தளத்தில் வீடு பார்க்க வருபவருக்கு யார் சொல்வது?

என் ஆசை சின்னதுதான். பழைய ஏரிக்கரை எந்தெந்தத் தெருவைக் கடக்கிறதோ அங்கெல்லாம் சாலையில் ஒரு நீலக்கோடு. வருஷத்தில் ஒரு சாயங்காலம், லேக் வியூ ரோட்டில் அந்தக் கோட்டை ஒட்டி ஒரு கூத்து. டிக்கெட் வேண்டாம். கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்வையாளர் குனிந்து பார்த்தாலே போதும்.