எது முதலில் உடைய வேண்டும்?

ஒரு சாக்பீஸை எடுத்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள். உடைந்த முகம் நேராக இருக்காது; 45 பாகைச் சரிவில் சங்கின் புரிபோலச் சுற்றிக்கொண்டு போகும். எத்தனை சாக்பீஸை வீணாக்கினாலும் இதே கதைதான். இளகிய எஃகுத் தண்டு ஒன்றை அதேபோல முறுக்கி உடைத்தாலோ, அரிவாளால் வாழைத்தண்டைத் துண்டித்ததுபோல முகம் தட்டையாக வரும். முறுக்கப்படும் எந்தப் பொருளுக்குள்ளும் இரண்டு விசைகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஒன்று, அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக வழுக்கப் பார்க்கிறது. மற்றது, சாய்வாக இழுத்துப் பிளக்கப் பார்க்கிறது. சாக்பீஸ் இழுப்புக்குத் தோற்கிறது; இளகிய எஃகு வழுக்கலுக்குத் தோற்கிறது.

உடைந்த ஆக்சில் தண்டு பட்டறைக்கு வந்தால், அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் பார்ப்பது இந்த முகத்தைத்தான். அலை வடிந்த மணலில் தெரிவதுபோல வளைவளைவான கோடுகள் இருந்தால், தண்டு அன்றைக்கு உடையவில்லை என்று பொருள். சிறு விரிசல் ஒன்று பல நாள் வளர்ந்து, கடைசியில் மிச்சமிருந்த இரும்பு ஒரே அதிர்ச்சியில் போயிருக்கிறது. தண்டின் முனையில் வெட்டிய பல்வரிகள் கயிறுபோல முறுக்கிக்கொண்டிருந்தால், அந்தத் தண்டு முன்பே பலமுறை எச்சரித்திருக்கிறது. யாரும் கழற்றிப் பார்க்கவில்லை.

இந்தக் கட்டுரையின் நாயகன் அமெரிக்காவில் பிறந்த ஒரு முன்பக்க ஆக்சில். பெயர் டானா 60. கிளாரன்ஸ் ஸ்பைசர் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர், கார்களில் சங்கிலிக்குப் பதிலாகச் சுழல்தண்டும் யுனிவர்சல் ஜாயின்ட்டும் வைத்து சக்தியைக் கடத்தும் யோசனைக்கு 1903-இல் காப்புரிமை பெற்றார். அவர் தொடங்கிய நிறுவனத்துக்குள் 1914-இல் நுழைந்த வழக்கறிஞர் சார்லஸ் டானா. கம்பெனிக்குக் கடைசியில் நின்ற பெயர் வழக்கறிஞருடையது; ஜாயின்ட்டுகளில்தான் ஸ்பைசர் இன்னும் வாழ்கிறார். இரண்டாம் உலகப்போர் வில்லிஸ் ஜீப்பின் முன் ஆக்சிலும் ஸ்பைசர் தயாரிப்பே. அந்த வில்லிஸ் ஜீப் வம்சத்தைத்தான் 1940-களின் இறுதியில் மஹிந்திரா இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளுக்கும் இந்தக் கதைக்கும் உள்ள உறவு அவ்வளவுதான், ஆனால் ரத்த உறவு.

1980-களில் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்க ராணுவத்துக்குக் கட்டிக்கொடுத்த எம் 1008 டிரக்கின் முன்புறத்தில் இருந்தது டானா 60. பணிக்காலம் முடிந்து ஏலத்துக்கு வந்த அந்த டிரக்குகளை, பாறைத் தடங்களில் வண்டி ஓட்டும் அமெரிக்கர்கள் தேடிப்பிடித்து வாங்கினார்கள். பலருக்கு டிரக் வேண்டாம்; ஆக்சில் போதும். இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த இரும்பைக் கழற்றி, பிரித்து, மறுபடி கட்டி, தங்கள் வண்டிக்கு அடியில் பூட்டுவார்கள்.

அவ்வளவு கனம் எதற்கு? கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எம் 1008-இன் 6.2 லிட்டர் டீசல் எஞ்சின் தரும் முறுக்குவிசை சுமார் 325 நியூட்டன் மீட்டர். முதல் கியர் அதை 2.48 மடங்காக்குகிறது. நான்கு சக்கர இயக்கத்தின் லோ கியர் 2.61 மடங்கு. ஆக்சிலுக்குள் இருக்கும் கிரௌன்-பினியன் 4.56 மடங்கு. பெருக்கினால் ஏறத்தாழ 9,600. ஒரு மீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் பதினாறு பேர் ஏறி நின்றால் வரும் முறுக்கு அது. பின்சக்கரங்கள் சேற்றில் வழுக்கி, முன்சக்கரங்கள் மட்டும் பாறையைப் பிடித்திருக்கும் நொடியில் அதில் பெரும்பங்கு முன்னால்தான் வந்து விழும். சாதாரண டிஃபரன்ஷியல் அதை இரு தண்டுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கும். இரு தண்டுகளையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் போட்டால், பிடிமானம் உள்ள சக்கரத்தின் தண்டே கிட்டத்தட்ட முழுவதையும் சுமக்க வேண்டும்.

பின் ஆக்சிலுக்கும் இதே சுமை உண்டே என்று கேட்கலாம். அதற்கு உருட்டினால் போதும். முன் ஆக்சில் உருட்டவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். அங்கேதான் சிக்கல்.

திரும்பும் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது ஒரு சிலுவை. நம் மெக்கானிக்குகள் ‘கிராஸ்’ என்கிறார்களே, அதுதான். நான்கு முனைகள், நான்கு கப்புகள், உள்ளே ஊசி பேரிங்குகள். எளிமையான பொருள், ஆனால் ஒரு பிறவிக் குணம் உண்டு. கோணத்தில் மடங்கிச் சுழலும்போது, உள்ளே போகும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே வரும் வேகம் சீராக இருக்காது. ஸ்டியரிங்கை 30 பாகை ஒடித்தால், சக்கரத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 87 சதவீதத்துக்கு இறங்கி 115 சதவீதத்துக்கு ஏறும். நடுவிலுள்ள புரொபெல்லர் தண்டில் இரண்டு கிராஸ்களைத் தக்க பொருத்தத்தில் வைத்து ஒன்றின் குறையை மற்றதால் ஈடுகட்டலாம். முன்சக்கரத்தில் இருப்பது ஒன்றே ஒன்று, ஈடுகட்ட ஆளில்லை. நான்கு சக்கர இயக்கத்தில் முழுக்கத் திருப்பினால் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுப்பது இதனால்தான்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஃபோர்டின் பொறியாளர் ஆல்ஃபிரட் ஸெப்பா 1920-களில் குண்டுகளைக் கொண்டு சீரான வேகம் தரும் ஜாயின்ட்டை உருவாக்கினார். இன்றைய முன்சக்கர இயக்கக் கார் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இருப்பது அந்த வம்சம். ஆனாலும் கனரக முன் ஆக்சில்களில் கிராஸ் பிடிவாதமாக நிற்கிறது. பாறைமேல் நடைவேகத்தில் ஊரும் வண்டிக்குக் கொஞ்சம் உதறல் பெரிதில்லை. உடைந்தால் காட்டிலேயே ஒரு சுத்தியலும் சாக்கெட்டும் வைத்து மாற்றிவிடலாம் என்பதுதான் பெரிது.

பழைய கிராஸைக் கழற்றியதும் முனைகளை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஊசிகள் பதிந்த வரிக்குழிகள் நகத்தில் தட்டுப்பட்டால் அது குப்பைக்கு. மடங்கிய நிலையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது சுமை, கிராஸைப் பிடித்திருக்கும் யோக்கின் காதுகளை விரிக்கப் பார்க்கிறது. காது அரை மயிரளவு விரிந்தால் கப் சுழலத் தொடங்கும், அதைப் பூட்டியிருக்கும் சர்க்ளிப் தெறிக்கும், கப் வெளியே வரும், பிறகு காதே ஒடியும். ‘முழுசாகத் திருப்பிவைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதே’ என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது வெறும் பயமில்லை, இந்தக் காதுகளின் கதை.

சக்கரம் திரும்பும் கீல் அடுத்தது. இன்றைய பெரும்பாலான வண்டிகளில் பால் ஜாயின்ட். பழைய டானா 60-இல் கிங்பின். கீழே கூம்பு உருளை பேரிங். மேலே ஒரு கூம்பு ஊசி, அதன்மேல் பிளாஸ்டிக் புஷ், அதை அழுத்திப் பிடிக்க ஒரு முரட்டு ஸ்பிரிங். மேல் கிங்பின்னை 700 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கிப் பூட்டியிருப்பார்கள். கழற்ற இரண்டு மீட்டர் குழாயும், சில சமயம் கொஞ்சம் நெருப்பும் வேண்டும்.

அந்த ஸ்பிரிங்கும் புஷ்ஷும் எதற்கு என்று முதலில் பார்ப்பவருக்குப் புரியாது. தேய்ந்துபோனால் புரியும். மருத்துவமனை ஸ்ட்ரெச்சரை வேகமாகத் தள்ளும்போது ஒரு சக்கரம் மட்டும் படபடவென்று உதறுவதைப் பார்த்திருப்பீர்கள். டயர் பக்கவாட்டில் நெளிந்து, திரும்பி வரும்போது சற்றுத் தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தால் ஒவ்வொரு ஆட்டமும் அடுத்த ஆட்டத்துக்கு ஊட்டம் கொடுக்கிறது. வண்டி ஓடும் ஆற்றலையே தின்று ஆட்டம் வளர்கிறது. விமானத்தின் மூக்குச் சக்கரத்துக்கு இதை அடக்கவென்றே தனிக் கருவி வைப்பார்கள். டிரக்கில் இது வந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. அமெரிக்கர்கள் இதற்கு ‘மரண உதறல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உராய்வுதான் மருந்து. ஸ்பிரிங் அழுத்தும் புஷ், வேண்டுமென்றே கொஞ்சம் உராய்ந்து, ஆட்டம் வளருமுன் அதைத் தின்றுவிடுகிறது. சில நூறு ரூபாய் பெறும் புஷ்ஷை மாற்றாமல், ஸ்டியரிங் டேம்பர் மேல் டேம்பராகப் பூட்டி நோயை மறைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

இனி நடுப்பகுதி. பொறுமையைச் சோதிக்கும் இடம். சுமார் 248 மி.மீ. விட்டமுள்ள கிரௌன் சக்கரத்தோடு பினியன் கோக்கும் ஆழத்தை ஷிம் தகடுகளால் தீர்மானிக்க வேண்டும். இரண்டு பற்களுக்கும் இடையில் விடும் இடைவெளி, அதாவது பேக்லாஷ், ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கையொட்டி இருக்க வேண்டும். இரண்டு மூன்று தலைமுடி கனம். டயல் கேஜ் வைத்து அளந்தால் மட்டும் போதாது. பற்களில் சாயம் பூசிச் சுழற்றி, எங்கே அழிகிறது என்று பார்க்க வேண்டும். பல்லின் அடியை நோக்கி அழிந்தால் பினியன் அதிகம் உள்ளே வந்துவிட்டது. நுனியில் அழிந்தால் வெளியே நிற்கிறது. ஷிம்மை மாற்று, பேரிங்கை மறுபடி அழுத்து, மறுபடி சாயம். இரண்டாவது முறையிலேயே சரியாக வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் சந்தேகப்படுவேன்.

இதில் முன் ஆக்சிலுக்கே உரிய ஒரு விநோதம் இருக்கிறது. சுருள்வெட்டுப் பற்களுக்கு இரண்டு முகம்: ஒன்று இழுக்க, ஒன்று எஞ்சின் பிரேக்குக்கு. பின் ஆக்சிலுக்காக வெட்டிய பற்களை முன்னால் பூட்டினால், வண்டி முன்னே போகும்போதெல்லாம் வலுக்குறைந்த முகம்தான் சுமக்கும். எம் 1008-இல் இருப்பது அப்படிப்பட்ட அமைப்புத்தான். ஃபோர்டு தன் டானா 60-இல் சுருளை எதிர்த்திசையில் வெட்டி, பினியனை மேலே தூக்கி வைத்துச் சரியான முகத்தையே இழுக்க வைத்தது. புரொபெல்லர் தண்டும் பாறைக்கு எட்டாமல் உயர்ந்தது கூடுதல் லாபம்.

உறையின் உலோகத்துக்கும் ஒரு கதை உண்டு. நடு உருண்டை வார்ப்பிரும்பு; இருபுறமும் அதற்குள் அடித்து இறக்கிய எஃகுக் குழாய்கள். குழாய் உள்ளே சுழன்றுவிடாமல் சுற்றி வெல்டிங் வைக்கப் பலர் ஆசைப்படுகிறார்கள். வார்ப்பிரும்பில் கரி அதிகம். சூடாகிச் சட்டென்று ஆறினால் பற்றவைத்த ஓரம் கண்ணாடிபோல நொறுங்கும். முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் கம்பியில் சிறுசிறு இழையாக வைத்து, போர்வை போர்த்தி மெல்ல ஆறவிட வேண்டும்.

மறந்துபோகும் இன்னொன்று, உறையின் மூச்சுக்குழாய். ஓடிச் சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். வழி இல்லையென்றால் ஆயில் சீல்களின் ஓரத்தில் தண்ணீரை உறிஞ்சும். அடுத்தமுறை ஆயில் மாற்றும்போது பால் கலந்த டீ மாதிரி வடியும். ஒரு ரப்பர் குழாயை எஞ்சின் உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டால் தீர்ந்தது.

எல்லாம் கழுவி அடுக்கிய பிறகு வருகிறது உண்மையான கேள்வி. பழைய டானா 60-இல் உட்தண்டு பெரும்பாலும் 38 மி.மீ.; சக்கரத்தோடு சேரும் வெளித்தண்டு 33 மி.மீ. வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டர்தான். ஆனால் முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், வெளித்தண்டின் வலு மூன்றில் ஒரு பங்கு குறைவு. காசிருப்பவர் முதலில் குரோம்-மாலிப்டினம் எஃகில் பருத்த வெளித்தண்டு வாங்குகிறார். அடுத்து உடைவது கிராஸ். அதையும் பலப்படுத்துகிறார். அடுத்தது வெளித்தண்டைச் சக்கரத்தோடு இணைக்கும் லாக்கிங் ஹப். அதற்குப் பதில் உடையாத தகடு போட்டால், சுமை நேராக கிரௌன்-பினியனுக்குப் போகிறது. அது உடைந்தால் பல் துண்டுகள் பேரிங்குகளுக்குள் புகுந்து மொத்தத்தையும் மென்றுவிடும். வண்டி கயிறு கட்டித்தான் வீடு திரும்பும்.

அதனால் விவரமானவர்கள் தண்டுகளையும் கிராஸையும் பலப்படுத்திவிட்டு, ஹப்பை மட்டும் பழையபடி விட்டுவைக்கிறார்கள். வீட்டு மின்பெட்டியில் ஃபியூஸ் கம்பி செய்யும் வேலை அதற்கு. உடைந்தால் சில ஆலன் திருகுகளைக் கழற்றி, சக்கரத்தைக்கூட எடுக்காமல் புதியதைச் செருகலாம். அவர்களுடைய சீட்டுக்கு அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றிய மாற்று ஹப் ஒன்று எப்போதும் கிடக்கும்.