பல மாதம் நின்ற காரை உடனே ஸ்டார்ட் பண்ணலாமா? சாவியைத் திருகும் முன் கவனிக்க வேண்டியவை

புதுச்சேரி முதலியார்பேட்டையின் உள்தெருக்களில் நடந்தால், போர்டிகோவில் உறை போட்டு மூடிய காரை அங்கங்கே பார்க்கலாம். வீட்டுக்காரர் பிரான்ஸில் இருப்பார், அல்லது வளைகுடாவில் வேலையில் இருப்பார். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்களின் வாரிசுகளுக்கு வருடத்தில் ஒரு மாதம்தான் ஊர். மீதி 11 மாதமும் கார் சும்மா நிற்கும்.

லீவுக்கு வந்து இறங்கிய மறுநாள் காலையில் என்ன நடக்கும்? உறையை உருவி, சாவியைப் போட்டு ஒரு திருகு. "டிக் டிக்" என்று சத்தம் மட்டும் வரும். பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு, அவர் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணி, குடும்பத்தோடு நேராகக் கடலூர் சாலையில் ஏறிவிடுவார்கள். இதில்தான் ஆபத்து. நின்ற வண்டி ஓடுமா என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். ஓடுகிற வண்டி நிற்குமா என்று பார்ப்பதில்லை.

முதலில் சாவியை மறந்துவிடுங்கள்

உறையை எடுத்ததும் குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். தரையில் கறை இருந்தால் அதன் நிறமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். கறுப்பாகப் பிசுபிசுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். பச்சை, ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிறம் என்றால் பெரும்பாலும் கூலன்ட். சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்போல ஈரம் வழிந்திருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியென்றால் வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைப்பது நல்லது.

பெட்ரோல் வாடை அடித்தாலும் அதே கதைதான். காரணம், எலி. ஆள் நடமாட்டம் இல்லாத பானெட்டுக்குள் எலி குடித்தனம் நடத்துவது நம் ஊரில் சகஜம். ஒயரைக் கடிக்கும், ரப்பர் டியூபைக் கடிக்கும், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் பஞ்சும் கந்தலும் கொண்டுவந்து கூடு கட்டும். மேல்தோல் போன ஒயரும் ஓட்டை விழுந்த பெட்ரோல் டியூபும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், ஒரு சின்னப் பொறி போதும், தீ பிடிக்க. பானெட்டைத் திறந்ததும் வெறுங்கையை உள்ளே விடாதீர்கள். எலி இருக்கும் இடத்தைத் தேடிப் பாம்பு வருவதும் உண்டு. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிப் பாருங்கள். சைலன்சர் வாயையும் பாருங்கள்.

அடுத்து ஆயில் ஸ்டிக். அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, நிறமும் முக்கியம். பால் கலந்த காபி மாதிரி இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டக் கூடாது. நிறம் நன்றாக இருந்தாலும், ஒரு வருடத்துக்கு மேல் நின்ற வண்டிக்கு ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிடுவதே மேல். இன்ஜின் பழுதுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

மழைத் தண்ணீரில் நின்ற காரா?

புதுச்சேரிக்காரர்கள் இதைத் தனியாக யோசிக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீட்டுக்காரர் வெளிநாட்டில், கார் தண்ணீரில். தண்ணீர் வடிந்து, வெயில் அடித்து, வெளியே பார்க்க எல்லாம் காய்ந்துவிடும். ஆறு மாதம் கழித்து வந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாடை வரும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் புதுத் துரு இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் படிந்திருக்கும். இதில் எது இருந்தாலும் சாவியைத் தொடாதீர்கள்.

இன்ஜின் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைத்தான் பிஸ்டன் அழுத்துகிறது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. உள்ளே தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால், மேலே ஏற முடியாத பிஸ்டன் தன்னைத் தாங்கும் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். வெறும் சர்வீஸோடு முடிய வேண்டியது இன்ஜினையே பிரிக்கும் வேலையாகிவிடும். இன்னொன்று: சாதாரண முழுக் காப்பீட்டில் இந்த வகை இன்ஜின் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது. 'இன்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். எனவே பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ரெக்கவரி வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். தள்ளி ஸ்டார்ட் பண்ணும் வேலையே வேண்டாம்.

பேட்டரியும் பழைய பெட்ரோலும்

கார் சும்மா நின்றாலும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் பேட்டரியிலிருந்து சொட்டுச் சொட்டாக மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே என்றால் அது காலி. மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த பேட்டரி மறுபடி உயிர் பிடிப்பது சந்தேகம்தான். கழற்றி, கடையில் கொடுத்து மெதுவாக சார்ஜ் ஏற்றி, தாக்குப்பிடிக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

இன்னொரு வண்டியிலிருந்து ஒயர் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வரிசை முக்கியம். சிவப்பு ஒயரை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸிலும், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்பு ஒயரின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸுக்கு. மறுமுனையைச் செத்த பேட்டரியில் மாட்டக் கூடாது. பேட்டரியை விட்டுத் தள்ளி, பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பில் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறுவதால் அந்தப் பொறி அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது. கழற்றும்போது இதே வரிசை, தலைகீழாக.

பெட்ரோலுக்கும் வயதாகும். இப்போது நம் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கடற்கரை ஊரில், பாதி காலியான டேங்கோடு நின்ற வண்டிக்கு இந்தச் சிக்கல் அதிகம். மூன்று நான்கு மாதம் என்றால் புதுப் பெட்ரோல் ஊற்றிக் கலந்து ஓட்டிவிடலாம். வருடக்கணக்கில் நின்றிருந்தால் பழையதை வடித்துவிடுவதுதான் சரி. டீசல் வண்டி என்றால் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை இறக்க வேண்டும்.

பிரேக்: இங்கேதான் உயிர்

மேலே சொன்னதில் எது தவறினாலும் பணம்தான் போகும். பிரேக் அப்படியல்ல.

பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும் திரவம்தான். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறையும். தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது சூட்டில் உள்ளே ஆவிக் குமிழிகள் உருவாகி, பெடல் பஞ்சுபோல் கீழே போய்விடும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். போதாக்குறைக்கு உப்புக் காற்று இரும்புப் பைப்பை வெளியிலிருந்து அரிக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இன்ஜின் ஓடாத நிலையில் பெடலை நாலைந்து தடவை மிதித்துவிட்டு, அழுத்திப் பிடித்து அரை நிமிடம் வையுங்கள். கல் மாதிரி நிற்க வேண்டும். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. வண்டியை எடுக்காதீர்கள்.

ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்தியிருந்தால் பின்சக்கரம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள், லைனிங் கழன்று வந்துவிடும். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி டிரம்மை லேசாகத் தட்டி விடுவிப்பார். அப்போதே உள்ளே எப்படி இருக்கிறது என்றும் தெரிந்துவிடும்.

டயரைப் பொறுத்தவரை, பட்டன் தேயவில்லையே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால், ஓடாத டயராக இருந்தாலும் அது பழசுதான். இசிஆரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் அது வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது ஸ்டார்ட் பண்ணலாம்

வண்டியை ஷெட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான். ஷட்டர் போட்ட ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விட்டால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. குளிர்ந்த இன்ஜினில் புகையைச் சுத்தம் செய்யும் கருவி இன்னும் சூடாகியிருக்காது என்பதால், தொடக்க நிமிடங்களில்தான் அந்த வாயு அதிகமாக வரும்.

10 விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். ஸ்டார்ட் ஆனதும் சிவப்பு ஆயில் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே ஆஃப். ஆக்சிலரேட்டரை முறுக்க வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை சும்மா ஓடட்டும். முதலில் வரும் வெள்ளைப் புகை ஈரம்தான். அது நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது.

பிறகு தெருவுக்குள்ளேயே நடை வேகத்தில் நகர்த்தி பிரேக் பிடியுங்கள். மறுபடி, இன்னும் கொஞ்சம் வேகத்தில். டிஸ்கில் படிந்த துரு தேயும் சரசர சத்தம் சில நிமிடத்தில் போய்விடும். இரண்டு கிலோமீட்டர் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கேட்டைத் தாண்டும் முன் காகிதம்

காப்பீடு காலாவதியான வண்டியைத் தெருவில் இறக்குவதே குற்றம். காப்பீடு முடிந்து 90 நாள் தாண்டிவிட்டால், இத்தனை வருடம் சேர்த்த நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். புகைச் சான்றையும் தேதி பாருங்கள். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். போக்குவரத்துத் துறை அலுவலகம் முதலியார்பேட்டை 100 அடி சாலையிலேயே இருக்கிறது. உங்கள் லைசென்ஸ் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

திரும்பிப் போகும்போது

"மாமா, வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போவோம். 2020 ஊரடங்கில் எல்லா வீட்டிலும் இதைத்தான் செய்தார்கள். இதனால் நன்மையைவிடக் கெடுதல்தான் அதிகம். செல்ஃப் இழுத்த மின்சாரம் ஐந்து நிமிடத்தில் பேட்டரிக்குத் திரும்பி ஏறாது. இன்ஜின் முழுதாகச் சூடாகாததால் சைலன்சரிலும் ஆயிலிலும் ஈரம் தங்கும். மாமாவுக்கு ஓட்டத் தெரியும் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். தெரியாது என்றால் தொடவே வேண்டாம்.

அப்படி விட்டுப் போகும்போது பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றி வையுங்கள். டேங்கை நிரப்பி விடுங்கள். டயரில் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காற்று பிடியுங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். உறை காற்று போகும் துணியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினால் உள்ளே வேர்த்து, துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

ஹேண்ட் பிரேக் போடவில்லை, பேட்டரி கழற்றியிருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிட்டுப் போங்கள். அடுத்த வருடம் நமக்கே ஞாபகம் இருக்காது.