இணையதளம் யார் பெயரில்?

கரூரில் படுக்கை விரிப்பும் சமையலறைத் துண்டும் நெய்து ஏற்றுமதி செய்கிற நிறுவனம் தன் இணையதளத்தில் ஒரு துண்டைக்கூட விற்பதில்லை. அதன் வாடிக்கையாளர் ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மொத்தக் கொள்முதல்காரர். கண்காட்சியில் விசிட்டிங் கார்டு வாங்கிப் போகிறவர், ஊர் திரும்பியதும் அதில் உள்ள முகவரியைத் தட்டிப் பார்ப்பார். ஓகோ-டெக்ஸ் சான்றிதழ் இருக்கிறதா, குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, என்னென்ன அளவுகளில் தருவார்கள், மாதம் எவ்வளவு உற்பத்தி செய்ய முடியும் என்பதையெல்லாம் தேடுவார். கிடைத்தால் மின்னஞ்சல் எழுதுவார். கிடைக்காவிட்டால் அடுத்த கார்டை எடுத்துவிடுவார்.

இந்த ஒரு விவரம் தெரியாமல் கட்டிய தளங்கள் கொங்கு நாட்டில் நிறைய இருக்கின்றன. முதல் பக்கத்தில் இரண்டு வெள்ளைக்காரர்கள் கைகுலுக்கும் படம் நகர்ந்துகொண்டே இருக்கும். நிறுவனத்தின் தொலைநோக்கு பற்றி ஒரு பத்தி இருக்கும். சான்றிதழ் எண் எங்கும் இருக்காது. செய்தவர் திறமைசாலிதான். வண்ணம், எழுத்து, அசைவு எல்லாம் ஒழுங்காக இருக்கும். யாருக்காகச் செய்கிறோம் என்று மட்டும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

மாவட்டத் தலைநகரங்களில், ஏதாவது ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் வலைவடிவமைப்பு நிறுவனங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நகைக்கடை, பள்ளி, கண் மருத்துவமனை, திருமண மண்டபம், மசாலாப் பொடி செய்யும் சுய உதவிக் குழு என்று பெரிய மென்பொருள் நிறுவனங்கள் திரும்பியும் பார்க்காத இடங்களுக்கெல்லாம் இணையத்தில் ஒரு முகவரி வாங்கித் தந்தவர்கள் இவர்கள். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை வி.எஸ்.என்.எல். கொடுக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15-ல். அதற்குப் பிறகு ஊர் ஊராக இந்த வேலையைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இந்தச் சிறு தொழில்காரர்களே. அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

நல்ல வடிவமைப்பாளரின் வேலை கணினியைத் திறக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. முதலாளியிடம், ‘எந்த மாதிரி வெப்சைட் வேணும்?’ என்று கேட்டால் அவர் போட்டியாளரின் தளத்தைக் காட்டி, ‘இதே மாதிரி, ஆனா இன்னும் நல்லா’ என்பார். அதிலிருந்து எதுவும் தெரியவராது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: உங்களுக்கு ஃபோன் செய்கிறவர்கள் முதலில் என்ன கேட்பார்கள்? இதற்குச் சரியான பதில் முதலாளியைவிட, முன் மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க ஃபோன் எடுப்பவருக்குத் தெரியும். மருத்துவமனையில், ‘டாக்டர் இன்னைக்கு இருக்காரா?’ என்று கேட்பார்கள். மண்டபத்தில் எத்தனை பேர் உட்காரலாம், சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு எத்தனை இலை, கார் நிறுத்த இடம் உண்டா, அந்த முகூர்த்தத் தேதி காலியா என்று கேட்பார்கள். அரை நாள் அந்த மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் முதல் பக்கத்தில் என்ன வர வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.

அடுத்த இடறல் ‘மேட்டர்’, அதாவது தளத்தில் போட வேண்டிய எழுத்து. ‘அதெல்லாம் நாங்களே குடுத்துடறோம் தம்பி’ என்று சொல்லாத வாடிக்கையாளர் இல்லை. சொன்ன நாளில் கொடுத்தவரும் அபூர்வம். அவரைக் குறை சொல்ல முடியாது. தறியையும் தொழிலாளர்களையும் கவனிப்பவருக்கு உட்கார்ந்து தன்னைப் பற்றி 4 பக்கம் எழுத நேரம் ஏது, பழக்கம் ஏது? வடிவமைப்பாளரே நேரில் போய்ப் பேசி, குறிப்பெடுத்து, எழுதி, படித்துக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குத் தனியாகக் கூலி போட வேண்டும். எழுத்து வேலையை இலவச இணைப்பாக நினைக்கிற வரை பாதியில் நின்றுபோகும் தளங்கள் பெருகிக்கொண்டேதான் இருக்கும்.

தமிழில் தளம் என்றால் இன்னும் ஒரு வேலை கூடுகிறது. உள்ளூர் டி.டி.பி. கடையில் நோட்டீசுக்காகத் தட்டச்சு செய்த மேட்டர் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் வந்து சேரும். தமிழக அரசு ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்று ஆணையிட்டது 2010-ல். அச்சுக்கடைகள் பழைய எழுத்துருக்களை இன்னமும் விடவில்லை. அந்த மேட்டரை மாற்றி, ஒற்று விட்டுப்போன இடங்களைச் சரிபார்க்க வேண்டும். படமாக வெட்டி ஒட்டிவிட்டால் தேடுபொறிக்கு அதில் உள்ள ஒரு சொல்லும் தெரியாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் அதைப் படிக்காது. ஆங்கிலத்துக்காகச் செய்த வார்ப்புருவில் தமிழை ஊற்றினால் பட்டன்களுக்குள் சொல் அடங்காமல் பிதுங்கும். வரிக்கு வரி இடைவெளி போதாமல் மேல் வரியின் உகரக் கொக்கியும் கீழ் வரியின் இகரக் குறியும் மோதும். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான், எக் டைப் நிறுவனத்தின் முக்த மலர் போன்ற நல்ல தமிழ் எழுத்துருக்கள் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழுக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கினால் போதும், பக்கம் கண்ணுக்கு இதமாகிவிடும்.

ஃபோனில் எப்படித் தெரியும் என்பதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். திரைக்கு ஏற்பத் தானே மடங்கி விரியும் வடிவமைப்பைப் பற்றி வலைவடிவமைப்பாளர் ஈத்தன் மார்க்கோட் எழுதிய கட்டுரை 2010-ல் வெளிவந்து, உலகம் முழுக்க இந்தத் தொழிலின் போக்கையே மாற்றியது. ஆனாலும் நம் ஊரில் ஒப்புதல் வாங்குவது முதலாளி அறையின் பெரிய திரையில்தான். வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் பேருந்தில் நின்றபடி, சிக்னல் வந்து போகும் இடத்தில், சாதாரண ஃபோனில் திறக்கிறார். கேமராவிலிருந்து இறக்கிய 5 எம்.பி. படத்தை அப்படியே ஏற்றியிருந்தால் அது விரிவதற்குள் அவர் இறங்க வேண்டிய நிறுத்தமே வந்துவிடும். முக்கியமான பகுதி இரண்டரை வினாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்று கூகுளே அளவுகோல் வைத்திருக்கிறது. ஒப்புதல் கேட்கும்போது முதலாளியின் கையில் உள்ள ஃபோனிலேயே, வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து காட்டச் சொல்வேன்.

‘லோகோவைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க’ என்ற வேண்டுகோளைக் கேட்டுச் சிரிப்பது இந்தத் தொழிலில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்பா காலத்திலிருந்து வந்த பெயர் தொலைந்துபோகிறதோ என்ற பயம் அந்த வார்த்தைக்குள் இருக்கிறது. பெயரைச் சுற்றி இடம் விட்டு, முகப்பில் நிறுவனம் தொடங்கிய ஆண்டையும் சேர்த்தால் பெரும்பாலும் பயம் தீர்ந்துவிடும். வாடிக்கையாளர் சொல்வது மருந்து. வடிவமைப்பாளர் கண்டுபிடிக்க வேண்டியது நோய். அதே சமயம், திருத்தம் இத்தனை முறைதான், அதற்கு மேல் போனால் இவ்வளவு கட்டணம் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதிவிட வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் 18 சதவீத வரியையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். பில்லில் முதன்முதலாக அதைப் பார்க்கிற வாடிக்கையாளர் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார்.

இனி, இந்தத் தொழிலில் என்னை அதிகம் வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். சிறு ஊர்களில் பெரும்பாலான முதலாளிகளுக்குத் தங்கள் இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தெரியாது. தளம் செய்தவரே டொமைனை வாங்கியிருப்பார். பதிவில் அவர் பெயர், அவர் மின்னஞ்சல், அவர் கார்டு. பெரும்பாலும் இதில் கெட்ட எண்ணம் இருக்காது. முதலாளியிடம் கார்டு கேட்கச் சங்கடம், அவசரம், அவ்வளவுதான். பிறகு வடிவமைப்பாளர் வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விடுவார், அல்லது கூட்டாளிகள் பிரிந்துவிடுவார்கள்.

டொமைன் காலாவதி ஆவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் பதிவாளர் நிறுவனம் நினைவூட்ட வேண்டும் என்பது, இணைய முகவரிகளை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் விதி. அந்த நினைவூட்டல் பதிவில் உள்ள மின்னஞ்சலுக்குத்தான் போகும். அங்கே அதைப் படிக்க ஆள் இல்லை. காலாவதியானதும் தளம் மட்டும் நிற்பதில்லை, அந்த முகவரியில் இயங்கும் மின்னஞ்சலும் சேர்ந்து நிற்கும். ஹாம்பர்க்கிலிருந்து அனுப்பிய ஆர்டர் திரும்பிப் போகும். அனுப்பியவர் நிறுவனம் மூடப்பட்டுவிட்டது என்று நினைப்பார். டாட் காம் முகவரியைப் பதிவாளரைப் பொறுத்துச் சில நாட்களிலிருந்து 45 நாட்கள் வரை வழக்கமான முறையில் புதுப்பிக்க விடுவார்கள். அதன்பின் 30 நாட்கள் மீட்புக் காலம். அப்போது கட்டணம் பல மடங்கு. பிறகு 5 நாட்கள் எதுவும் செய்ய முடியாது. அதற்குப் பின் உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வாங்கலாம்.

டொமைன் வாடிக்கையாளரின் பெயரில், வாடிக்கையாளரின் மின்னஞ்சலில், வாடிக்கையாளரின் பணத்தில்தான் பதிவாக வேண்டும். நிர்வகிக்கும் அனுமதியை வடிவமைப்பாளர் வாங்கிக்கொள்ளலாம். ஹோஸ்டிங், கூகுள் மேப்பில் உள்ள கடைப் பதிவு, பேமென்ட் கேட்வே எல்லாவற்றுக்கும் இதே முறைதான். வேலை முடிகிற அன்று எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். முதலாளிகளும் சும்மா இருக்க வேண்டாம். ஐகேன் அமைப்பின் தேடல் பக்கத்தில் உங்கள் முகவரியைத் தட்டினால் பதிவாளர் யார், காலாவதித் தேதி என்ன என்பது தெரிந்துவிடும். யார் பெயரில் இருக்கிறது என்பதைச் செய்து கொடுத்தவரிடம் கேட்டு வாங்குங்கள்.

பெயரைத் தாண்டி, தளத்தின் உள்ளே இருப்பதற்கும் உரிமைக் கேள்வி உண்டு. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதியதற்கு முதலாளி உரிமையாளர். வெளியாளிடம் கொடுத்துச் செய்த நிரலுக்கும் எழுத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்தவரே முதல் உரிமையாளர். முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது என்பதால் மட்டும் உரிமை மாறிவிடாது. எழுத்து மூலம் மாற்றித் தர வேண்டும். அப்படி எழுதும்போதும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான் செல்லும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். ஐரோப்பாவுக்குத் துணி அனுப்புகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ‘முழுத்தொகை வந்ததும் எல்லா உரிமையும், உலகம் முழுவதற்கும், நிரந்தரமாக’ என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்துவிட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி.

இவ்வளவையும் கொடுத்துவிட்டால் நம் கையில் என்ன மிஞ்சும் என்று வடிவமைப்பாளர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பாக்கி வைக்கிற முதலாளிகள் இருப்பதால்தான் பலர் டொமைனைப் பிணையாகப் பிடித்து வைக்கிறார்கள். பணம் வரவில்லை என்று ஓடிக்கொண்டிருக்கும் தளத்தை அணைத்துவிடும் வழக்கமும் இருக்கிறது. அது தவறு. அந்த ஒரு முதலாளியோடு உறவு முறிவதுடன் நிற்காது. அவருடைய தொழில் சங்கத்தில் இருக்கும் அத்தனை பேரின் காதுக்கும் போய்விடும்.

பணத்துக்கு வேறு ஏற்பாடுகள் உண்டு. பாதித் தொகை அட்வான்ஸ், வடிவம் ஒப்புதலானதும் கால் பங்கு, தளம் நேரலைக்குப் போகும் முன் மீதி என்று பிரித்தால் கடைசியில் பெரிய பாக்கி நிற்காது. ஆண்டுப் பராமரிப்பை என்னென்ன வேலை என்று எழுதிக் கொடுத்து விற்க வேண்டும்: வேர்ட்பிரஸ் புதுப்பிப்பு, பிரதி எடுத்தல், எடுத்த பிரதியை மீட்டுப் பார்த்தல், மாதம் இத்தனை மாற்றங்கள். புதுப்பிக்காமல் விட்ட தளத்துக்குள் யாராவது புகுந்து பள்ளிக்கூடத்தின் பக்கத்தைச் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அதைத் தடுக்கும் வேலைக்குப் பணம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆண்டுக் கட்டணம் வாங்குவதற்குத்தான் கூச்சப்பட வேண்டும்.

அப்படியும் பாக்கி நின்றால் சட்டம் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006, சேவைத் தொழிலுக்கும் பொருந்தும். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. இதற்கான அரசுத் தளத்தில் புகார் பதிந்தால் வசதியாக்க மன்றம் விசாரிக்கும். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தத்துக்குப் பிறகு, இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் ஆண்டு வரை முதலாளி செலவுக் கணக்கில் கழிக்க முடியாது. அதனால் மார்ச் மாதத்தில் அவருடைய ஆடிட்டரே பாக்கியைத் தீர்க்கச் சொல்கிறார்.

இதற்கெல்லாம், இத்தகைய தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே அது இருப்பதுதான் பாதுகாப்பு. இணையத்தில் ஆதாரையும் பான் எண்ணையும் வைத்துக்கொண்டு நீங்களே பதியலாம்; அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. இன்னும் பதியாத வடிவமைப்பாளர்கள் அடுத்த கொட்டேஷனை அனுப்பும் முன் பதிந்துவிடுங்கள், அந்த எண்ணைக் கொட்டேஷனிலும் பில்லிலும் தவறாமல் போடுங்கள்.