என். சங்கரய்யா

என். சங்கரய்யா (சூலை 15, 1922 – நவம்பர் 15, 2023) தமிழகத்தைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரரும் பொதுவுடைமைக் கட்சித் தலைவரும் ஆவார். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே உள்ள கோவில்பட்டியில் பிறந்தார்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வரலாறு பயின்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் கைதானதைக் கண்டித்தமைக்காக, இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941 பெப்ரவரியில் பிரித்தானிய அரசு இவரைச் சிறையிலடைத்தது. இளங்கலை இறுதித் தேர்வுக்கு அப்போது பதினைந்து நாட்களே இருந்தன, படிப்பு முற்றுப்பெறவேயில்லை. 1942இல் விடுதலையாகி, மீண்டும் கைதாகி, 1944 வரை சிறையிலிருந்தார். பின்னர் மதுரைச் சதி வழக்கில் சிறைப்பட்டு, நாடு விடுதலை பெறுவதற்கு முந்தைய நாளான 1947 ஆகத்து 14 அன்றுதான் வெளிவந்தார். சுதந்திர இந்தியாவிலும் இவருக்குச் சிறையும் தலைமறைவு வாழ்வும் தொடர்ந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

1964இல் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் தேசியக் குழுவிலிருந்து வெளியேறிய 32 பேருள் இவரும் ஒருவர். மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் மதுரை மேற்கு (1967), மதுரை கிழக்கு (1977, 1980) தொகுதிகளிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2021இல் தகைசால் தமிழர் விருது பெற்றார். பரிசுத் தொகையான பத்து லட்சம் ரூபாயை முதலமைச்சர் நிவாரண நிதிக்கே அளித்தார். 2023இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கத் தீர்மானித்தது. ஆளுநர் ஆர். என். ரவி ஒப்புதல் அளிக்கவில்லை. நவம்பர் 2 அன்று பட்டமளிப்பு விழா அப்பட்டம் இன்றியே நடந்து முடிந்தது. பதின்மூன்று நாட்களுக்குப் பின் சங்கரய்யா சென்னையில் காலமானார்.