இழுக்காத வண்டி: குறை இன்ஜினிலா, கிளட்சிலா?

பால்காரர் ஒருவரிடம் பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டி இருந்தது. அது டூ ஸ்ட்ரோக் வண்டி. தினமும் விடியற்காலையில் இரண்டு கேன்களில் பால் ஏற்றிக்கொண்டு மண் சாலையில் போவார். ஒரு மாதமாக வண்டி மேட்டில் ஏறவில்லை. முறுக்கினால் இரைச்சல்தான் வந்தது. இழுவை இல்லை. பால் போய்ச் சேர நேரமாயிற்று. இரண்டு முறை பால் திரிந்தும் போயிற்று.

ஒரு பட்டறையில் காட்டினார். "போர் போயிடுச்சு. இன்ஜினைப் பிரிக்கணும்" என்றார்கள். அவர் கையில் பணம் இல்லை. மனைவியின் கம்மலை அடகு வைக்கலாமா என்று யோசித்தார். பக்கத்து ஊரில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவரிடமும் காட்டலாம் என்று போனார்.

"அண்ணே, போர் வேலை செய்யணுமாம். எவ்வளவு ஆகும்?"

"இருப்பா. மேட்டுல முறுக்கினா என்ன ஆகுது? அதை முதல்ல சொல்லு."

"சத்தம் எகிறுது. வண்டி போக மாட்டேங்குது."

"சத்தம் எகிறுதுன்னா இன்ஜின் வேலை செய்யுதுப்பா. அந்தச் சக்தி சக்கரத்துக்குப் போகலை. கிளட்சைப் பார்ப்போம்."

கிளட்ச் கேபிள் விறைத்துக்கொண்டு இருந்தது. லீவரில் கொஞ்சம்கூடத் தளர்வு இல்லை. அதாவது, பாதி கிளட்சைப் பிடித்தபடியே ஒரு மாதம் வண்டி ஓடியிருக்கிறது. பிளேட்டுகள் தேய்ந்துவிட்டன. மெக்கானிக் பிளேட்டுகளை மாற்றினார். கேபிளைச் சரி செய்தார். இன்ஜினைத் தொடவே இல்லை. கம்மல் தப்பியது.

மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். இன்ஜின்தான் மாடு. கிளட்ச் என்பது மாட்டையும் வண்டியையும் சேர்க்கும் பூட்டுக் கயிறு. கயிறு நழுவினால் மாடு எவ்வளவு இழுத்தும் பயன் இல்லை. மாட்டுக்கே உடம்பு சரியில்லை என்றால் கயிற்றை மாற்றிப் பயன் இல்லை. எது கெட்டது என்று முதலில் தெரிய வேண்டும்.

அதற்கு ஒரு சோதனை உண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். முன்னால் யாரும் நிற்கக் கூடாது. இன்ஜினை ஓட விட்டு மூன்றாவது கியர் போடுங்கள். இரண்டு பிரேக்குகளையும் நன்றாக அழுத்துங்கள். இப்போது கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் திணறி நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. அடிக்கடி இதைச் செய்யாதீர்கள். பிளேட் சூடாகும்.

கிளட்ச் லீவரின் அடியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். தளர்வு இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும். அதிகமாக இருந்தால் கிளட்ச் முழுதாக விடாது. அப்போது கியர் கரகரவென்று விழும். லீவரைப் பிடித்திருந்தாலும் வண்டி முன்னே நகரப் பார்க்கும். நியூட்ரல் கிடைக்காது. இவ்வளவுக்கும் காரணம் சில சமயம் ஒரு கேபிள்தான்.

சத்தமே எழும்பவில்லையா? முறுக்கினால் இன்ஜின் அமுங்குகிறதா? அப்போது குறை இன்ஜின் பக்கம். அப்போதும் உடனே போரைப் பிரிக்க வேண்டாம். செலவு இல்லாததை முதலில் பாருங்கள். மண் சாலையில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரில் புழுதி அடைக்கும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயிலும் எரிகிறது. அதனால் சைலன்சரில் கரி படியும். புகை வெளியே போக வழி இல்லாவிட்டால் இழுவை குறையும்.

பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகு கழற்றுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பிளக்கின் முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. கறுப்பாக, ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். அல்லது பொறி சரியாக வரவில்லை. வெள்ளையாக இருந்தால் கவனம் தேவை. இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

டூ ஸ்ட்ரோக் வண்டி கொஞ்சம் புகை விடும். அது இயல்பு. புகை திடீரென்று மிகுந்து, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால், கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் கெட்டிருக்கலாம். கியர் ஆயில் இன்ஜினுக்குள் போய் எரிகிறது. மேக்னெட் பக்கத்து சீல் கெட்டால் வேறு விதம். உள்ளே காற்று நுழையும். முறுக்கியதை விட்ட பிறகும் சத்தம் இறங்காது. ஆக்ஸிலேட்டர் கேபிள் சிக்கியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். கேபிளை முதலில் பாருங்கள். கேபிள் சரியாக இருந்தால், சீலை மாற்றும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். இன்ஜின் சீஸ் ஆகிவிடும்.

சீஸ் என்றால் பிஸ்டன் சூட்டில் விரிந்து போரில் இறுகிக்கொள்வது. ஆயில் குறைந்தாலும் இது நடக்கும். ஆர்.எக்ஸ். 100 வண்டியில் ஆயிலுக்குத் தனி டேங்க் உண்டு. ராஜ்தூத் போன்ற பழைய வண்டிகளில் ஆயிலைப் பெட்ரோலில்தான் கலக்க வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும். நூற்றுக்கு 2 பங்கு என்றால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. "ஆயில் இல்லாமல் பத்து கிலோமீட்டர் போகலாம்" என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

ஓடும்போது இன்ஜின் இறுகினால் பின் சக்கரம் சட்டென்று நின்றுவிடும். வண்டி சறுக்கும். உயிருக்கே ஆபத்து. உடனே கிளட்சைப் பிடியுங்கள். சக்கரம் மறுபடி உருளும். அப்படியே ஓரம் கட்டுங்கள். சூட்டோடு கிக்கரை உதைக்காதீர்கள். நன்றாக ஆறட்டும். பழைய ஓட்டிகள் இரண்டு விரல்களை எப்போதும் கிளட்ச் லீவரின் மேல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஆர்.எக்ஸ். 100 இந்தியாவில் 1985இல் வந்தது. 1996இல் தயாரிப்பு நின்றது. இன்று புதிதாக விற்கும் பைக்குகள் அநேகமாக எல்லாமே நான்கு ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக் வேலை தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. அதனால் பட்டறைக்குப் போகும் முன்பு குறையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பால்காரர் இப்போது அப்படித்தான் செய்கிறார். கேன் மூடியில் செருகி வைத்திருக்கும் தாளில் போன வாரம் அவர் எழுதியது இது:

"செவ்வாய். மேட்டில் சத்தம் அமுங்குது. பிளக் கறுப்பு. கியர் ஆயில் குறையலை. ஃபில்டர் தட்டினேன், புழுதி நிறைய."