பெட்ரோலும் எண்ணெய்தானா?

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம்மவர் புல்வெட்டும் இயந்திரத்திற்கு 'எண்ணெய்' ஊற்றுவதாகவே சொல்வர். அச்சொல் பெட்ரோலிடம் தகாத துணிவைத் தந்துவிடுகிறது. நல்லெண்ணெய் கிண்ணத்தில் அடங்கிக் கிடக்கும்; பெட்ரோலோ சுழியத்திற்குக் கீழ் 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றும் ஆவியை விடும். காற்றினும் கனத்த அவ்வாவி தரையோடு தவழ்ந்து சாமி விளக்கை எட்டிவிடும். ஆதலின் வீட்டினுள் வைக்கலாகாது. பெட்ரோலுக்கென்றே செய்த கலனில், வெளியே நிழலில், ஒரு மாதத் தேவைக்கு மட்டும் வைத்தல் நன்று. நாட்பட்டால் பிசின் படிந்து கார்புரேட்டர் அடைபடும். வாங்குங்கால், கையேடு வேறு கூறாவிடில் 95 போதும். 97 என்னும் எண் வலிமையைக் குறிப்பதன்று, இயந்திரத்துள் காலத்திற்கு முன் வெடியாத தன்மையையே குறிக்கும்.

எல்லாவற்றினும் கொடியது, குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது. குழந்தை நீரென்று குடித்துவிடின் வாந்தியெடுக்கச் செய்யாதீர். அது நுரையீரலிற் புகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.