ஓடாவியின் மணிக்கட்டுக்கு ஒரு கருவி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் பாம்பன், மண்டபம் கரைகளில் வலைக்கு ஓய்வு, சுத்தியலுக்கு இல்லை. கரையேற்றிய படகுகளில் உளுத்த பலகையைப் பெயர்த்துப் புதுப்பலகை பூட்டுவார்கள். படகு கட்டும் தச்சரான ஓடாவி, டிரில்லால் துளையிட்டு, நீள ஆணியை நிறுத்தி அடிப்பார். அடிப்பலகை என்றால் படகுக்குக் கீழே மல்லாந்து கிடந்து, கையை முகத்துக்கு மேலே வீச வேண்டும்.

அரைக் கிலோ சுத்தியல் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் இறங்கினால், அதன் ஆற்றல் 16 ஜூல். எல்லாமே ஆணிக்குள் போய்விடுவதில்லை. ஒரு பகுதி கைப்பிடி வழியே மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் திரும்பி வருகிறது. ஒரு நாளில் எத்தனை நூறு அடி! அந்தக் கை மாலையில் சோற்றுத்தட்டைப் பிடிக்கவே நடுங்கும்.

மின்கம்பி இல்லாமல் பேட்டரியில் ஓடும் ஆணித் துப்பாக்கி பல ஆண்டுகளாகக் கடைகளில் இருக்கிறது. அதில் ஒரு வகையில், மோட்டார் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே அடைபட்ட வாயுவை நெருக்கும். விசையை அழுத்தியதும் வாயு விரிந்து, ஒரே அடியில் ஆணி இறங்கிவிடும். கையை ஓங்கவே வேண்டாம். ஆனால் கருவியின் எடை மூன்று, நான்கு கிலோ. முன்பக்கம் கனத்தால் மணிக்கட்டு மடங்கும் என்பதால்தான் பேட்டரியைக் கைப்பிடியின் அடியில் வைத்துச் சமன் செய்கிறார்கள்.

ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை ஆண்டுக்குச் சராசரியாக 37,000 பேர் ஆணித் துப்பாக்கிக் காயத்தோடு அவசரச் சிகிச்சைக்குப் போனார்கள். முனையை முதலில் மரத்தில் அழுத்தி, அதன் பிறகே விசையை இழுத்தால் மட்டும் சுடும் அமைப்பு காயங்களை வெகுவாகக் குறைக்கிறது.

இருந்தும் இந்தத் துப்பாக்கி பாம்பனுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து. அது அமெரிக்க மரவீட்டுக்காகப் பிறந்தது. கோத்து வரும் மெல்லிய ஆணிகளைத்தான் ஏற்கும். நீளமும் பெரும்பாலும் 90 மில்லிமீட்டரைத் தாண்டாது. படகு ஆணி தடிமனானது, ஒவ்வொன்றாகக் கையால் நிறுத்துவது.

உள்ளங்கையில் அடங்கும் இன்னொரு வகை இருக்கிறது. தனி ஆணியின் தலையில் முனையை வைத்து அழுத்தினால், சிறு சிறு அடிகளாகத் தட்டி இறக்கும். சுத்தியல் வீச இடமில்லாத வங்குகளுக்கு, அதாவது படகின் விலாக்கட்டைகளுக்கு, நடுவிலும் நுழையும். ஆனால் அதிர்வு கூடுதல். நாள்தோறும் நீண்ட காலம் அதிர்வு ஏறினால் விரல் வெளுத்து மரத்துப்போகலாம். ஐரோப்பாவில் எட்டு மணி நேர வேலைக்கு அதிர்வின் முடுக்கம் 5 மீட்டர்/விநாடி² என்று உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள். படகு ஆணியைத் தாங்கும் வலுவும், உள்ளங்கைக்கும் அடிக்கும் இடையே அதிர்வை விழுங்கும் தடுப்பும் இதற்கு வேண்டும்.

கடற்கரையில் இன்னொரு கவலை: உப்புக்காற்று பேட்டரி முனைகளை அரித்துவிடும். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேடிக் கொடுத்தோம். ஓடாவியின் கருவிக்கும் அந்த அக்கறை வேண்டாமா?

பொறியியல் மாணவர்களே, அடுத்த ஏப்ரல் 15-க்குப் பிறகு ஒரு வாரம் பாம்பன் கரைக்கு வாருங்கள். வரைபடம் போடும் முன், ஓர் ஓடாவியின் கையைப் பிடித்துப் பாருங்கள்.